மின்கசிவு என்னும் ஒற்றைச் சொல்: கருவடிக்குப்பத்து மின்பலகைகளை முன்வைத்து

கடையோ வீடோ எரிந்தால் மறுநாள் தமிழ் நாளிதழ்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மின்கசிவு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி 2 இரவு வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகள் எரிந்தபோதும் இச்சொல்லே அடிபட்டது. பள்ளிப் பாடநூல் ‘குறுக்குச் சுற்று’ என்கிறது. வயரிங் வேலை செய்பவர் ‘ஷார்ட்’ என்கிறார். மூன்றும் ஒரு பொருள் தருவன என்றே எண்ணிப் பழகிவிட்டோம். அது பிழை. கசிவு வேறு, ஷார்ட் வேறு. இரண்டையும் பிரித்தறியும் கருவிகள் உருவாக நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைப் படிக்கப் புதுச்சேரியின் வடபகுதியில், குயில்தோப்பு இருக்கும் கருவடிக்குப்பத்தின் மின்பலகைகளே போதும்: பழைய வீட்டில் பீங்கான் பீஸ் கட்டை, அடுத்த வீட்டில் எம்.சி.பி., புதிதாகக் கட்டிய மாடியில் ஆர்.சி.சி.பி.

மின்தடையை முதலில் உடம்பால் அளந்தவர் ஹென்றி கேவண்டிஷ். வெவ்வேறு கடத்திகள் வழியே வரும் அதிர்ச்சி எவ்வளவு உறைக்கிறது என்று தம் மேலேயே பார்த்து ஒப்பிட்டார். அந்தக் குறிப்புகளை மாக்ஸ்வெல் 1879இல்தான் பதிப்பித்தார். அதற்குள் ஜார்ஜ் சைமன் ஓம் 1827இலேயே தம் விதியை நூலாக வெளியிட்டுவிட்டார். அன்றைய மின்கலங்கள் ஒரு நிலையில் நிற்காததால், செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த இணையின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து அவர் மின்னோட்டம் பெற்றார்.

ஓமின் விதியை நம் வீட்டுக்குள் கொண்டுவருவோம். 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பின் தடை சுமார் 880 ஓம். ஓடுவது கால் ஆம்பியர். ஹோல்டருக்குள் பேஸும் நியூட்ரலும் தொட்டுக்கொண்டால் அந்த 880 ஓம் சுற்றிலிருந்து விலகிவிடும். மிஞ்சுவது கம்பியின் தடை மட்டுமே. மெயின் போர்டு 20 மீட்டர் தள்ளி இருந்தால், 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போக வர 40 மீட்டர். தடை ஏறத்தாழ 0.7 ஓம். மின்னோட்டம் 300 ஆம்பியரை எட்டும், அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்று ஜூல் 1841இல் காட்டியபடி, கம்பி காணும் சூடு பத்து லட்சம் மடங்கைத் தாண்டும். இங்கே தூரம் குறைவதில்லை, தடைதான் குறைகிறது. அதனால் ‘ஷார்ட்’டைவிடக் குறுக்கு வழியை நினைவூட்டும் ‘குறுக்குச் சுற்று’ பொருத்தமான சொல் என்பேன்.

இதற்கு மாற்று, சுற்றில் வேண்டுமென்றே ஒரு பலவீனத்தை வைப்பது. தந்தி நிலையங்களை இடியிலிருந்து காக்க மெல்லிய கம்பியை இடையில் சேர்க்கலாம் என்று லூயி பிரெகே 1847இல் பரிந்துரைத்தார். (பிரெஞ்சுக்காரர் என்பதற்காகப் புதுச்சேரிக் கட்டுரைக்குள் அவரை இழுக்கவில்லை, காலவரிசை அப்படி.) எடிசன் 1880இல் விளக்குச் சுற்றுக்கான உருகு கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். எந்தத் தடிமன் எத்தனை ஆம்பியரில் உருகும் என்பதை 1880களில் வில்லியம் பிரீஸ் ஒரு சூத்திரமாக்கினார். அதன்படி விட்டம் இரட்டித்தால் கம்பி தாங்கும் மின்னோட்டம் இரட்டிப்பதில்லை, ஏறத்தாழ 2.8 மடங்காகும். பீஸ் அடிக்கடி போகிறதே என்று கையில் கிடைத்த தடித்த ஒயர் இழையை முறுக்கிக் கட்டையில் சொருகும் வீட்டுக்காரர், பலவீனமான இடத்தைக் கட்டையிலிருந்து எடுத்துச் சுவருக்குள் வைக்கிறார். இனி உருகப்போவது சுவருக்குள் ஓடும் ஒயர்.

ஹியூகோ ஸ்டோட்ஸின் நிறுவனத்தில் 1924இல் உருவான எம்.சி.பி. இந்தக் கைவேலைக்கு இடம் தரவில்லை. மெதுவாக ஏறும் சுமைக்கு வளையும் ஈருலோகத் தகடு, ஷார்ட்டுக்கு நொடிக்குள் இழுக்கும் காந்தச் சுருள் என இரண்டும் ஒரே பெட்டியில் இருந்து சுற்றைத் துண்டிக்கும்.

உண்மையான கசிவை இவை எதுவும் காணாது. 2024 நவம்பர் 30இல் கரையேறிய ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஊறிய சுவரில் கை வைத்தால் ‘எர்த் அடிக்கும்’. அங்கே கசிவது 30 மில்லியாம்பியராக இருக்கலாம். அது 60 வாட் பல்பு இழுப்பதில் எட்டில் ஒரு பங்கும் இல்லை. 5 ஆம்பியர் பீஸுக்கு உறைக்காது, ஆளைக் கொல்லப் போதும். பேஸில் போனது நியூட்ரலில் திரும்பவில்லையென்றால் துண்டிக்கும் கருவியை 1950களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் மேம்படுத்தினார். அதன் வழிவந்ததே நம் ஆர்.சி.சி.பி.

மூன்றாவது கோளாறுக்கு நாளிதழில் பெயரே இல்லை. உப்புக்காற்றில் பூத்துப்போன சுவிட்ச் முனையில் தடை அரை ஓம் ஏறட்டும். வாட்டர் ஹீட்டரின் 10 ஆம்பியர் அதன் வழியே போகும்போது அந்த ஒரு புள்ளியில் 50 வாட் சூடு. மின்னோட்டம் கூடவில்லை, துளி குறைந்திருக்கிறது, எம்.சி.பி. அசையாது. வெளியே எதுவும் கசியவில்லை, ஆர்.சி.சி.பி.யும் அசையாது. பெரும்பாலும் பிளாஸ்டிக் கருகும் வாடைதான் எச்சரிக்கை. நாளிதழ் இதையும் மின்கசிவு என்றே எழுதும்.

ஷார்ட்டைப் பிரித்துக் காட்டும் எளிய கருவி ஒன்றும் உண்டு: மிக்சி பழுது பார்க்கும் கடைகளில் மேசைமேல் ஒரு சீரிஸ் லாம்ப் இருக்கும். ஒரு 100 வாட் குண்டு பல்பு; அதற்குத் தொடராகப் பழுதான பொருளை மாட்டுவார்கள். உள்ளே ஷார்ட் என்றால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் அரை ஆம்பியருக்கு மேல் ஓடாது, பல்பின் தடை விடாது. சரியான மோட்டார் என்றால் மங்கலாக எரியும், கம்பி அறுந்திருந்தால் எரியவே எரியாது. ஓமின் விதியைக் கண்ணால் வாசிக்கும் மீட்டர் அது. எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது. உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று, துளி மின்னோட்டத்துக்கும் மினுக்கிக் காட்டிப் பொய் சொல்லும். குண்டு பல்பு கிடைப்பது அரிதாகிவிட்டதால், பழைய கடைக்காரர்கள் நாலைந்து பல்புகளைச் செய்தித்தாளில் சுற்றி மேசை டிராயரில் பத்திரப்படுத்துகிறார்கள்.