மாவு விற்ற ப்ளூஸ்

பழைய ஏஎம் நிலையங்களைப் பத்தி நோண்டிக்கிட்டிருந்தப்போ சிக்கியது இது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹெலினா என்ற சின்ன ஊர். 1941-ல் அங்கே கே.எஃப்.எஃப்.ஏ. வானொலி தொடங்கியது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பள்ளிக்கூடம்கூட தனித்தனியாக இருந்த காலம். ஆனாலும் சன்னி பாய் வில்லியம்சன், ராபர்ட் லாக்வுட் என்ற இரு கறுப்பினக் கலைஞர்கள் அதில் நேரலையாக ப்ளூஸ் வாசித்தார்கள்.

எப்படி இடம் கிடைத்தது? ஸ்பான்சர் 'கிங் பிஸ்கட்' மாவு. பருத்திக்காட்டில் வேலை செய்யும் கறுப்பர்களும் மாவு வாங்குவாங்களே! அவர்கள் சாப்பிட வரும் நேரம் பார்த்து, மத்தியானம் 12.15-க்கு நிகழ்ச்சி.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டு வேலையிலிருந்து வந்து அதைக் கேட்ட பையன்களில் ஒருவர் பி.பி.கிங். 1948-ல் இன்னொரு வானொலியில் அவருக்குப் பாட வாய்ப்பு கொடுத்தவர் அதே சன்னி பாய். கதவைத் திறந்தது வியாபாரக் கணக்குதான். அதுக்குள்ள நுழைஞ்சு வந்தது யார்னு பாருங்க!