பழவங்காடியில் பிள்ளை வளர்த்த கதை

பழவங்காடிப் பிள்ளையாரே குடிபெயர்ந்தவர்தான். 1795இல் திருவிதாங்கூர்த் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது, நாயர் படையினர் கூடவே கொண்டுவந்த தெய்வம் என்பார்கள். அந்தக் காலத்தில் பழவங்காடிக்கு அருகே திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைவீதி தமிழர்களையும் இழுத்தது.

தோவாளையிலிருந்து பூ விற்க வந்த என் அம்மாவும் அந்த வழியில் வந்தவள்தான். அதுவரை இதே மாநிலத்தில் இருந்த தோவாளை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர, அம்மா ஒரே நாளில் வெளிமாநிலத்துக்காரி ஆனாள். விடியுமுன் பூக்கூடை இறங்கும்; அம்மா விற்கப் போய்விடுவாள். எனக்குத் தலைவாரிச் சோறு போட்டது பக்கத்து வீட்டு ஆச்சி. பள்ளியிலிருந்து வரும் மலையாளக் கடிதத்தை மளிகைக்கடை அண்ணாச்சி வாசித்துச் சொல்வார்.

1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. எடை பார்க்க, சத்துணவு தர, தாய்மாருக்கு யோசனை சொல்ல அங்கன்வாடி வந்தது. என் பிள்ளைகளுக்கு அது கிடைத்தது.

இன்று வங்காளமும் ஒடியாவும் பேசும் தாய்மார் கேரளமெங்கும் இருக்கிறார்கள். எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம், பிள்ளைகளின் தாய்மொழி தெரிந்த தன்னார்வலர்களைப் பள்ளிக்கு அனுப்பியது. வகுப்புக்கு முன்பே காலை உணவோடு பாடமும் தந்தது. ஆச்சியும் அண்ணாச்சியும் செய்த வேலைதான் அது. சாலைக் கடைவீதியின் ஒவ்வொரு அங்கன்வாடியிலும் அப்படித் தாய்மொழி தெரிந்த ஒருவரை அமர்த்த வேண்டும்.