பாஸ்டன் காசநோய் வகுப்பு: குழு ஆலோசனையின் தொடக்கம் 1905 தானா?

குழு ஆலோசனையின் வரலாறு பெரும்பாலான பாடநூல்களில் ஜோசப் ஹெர்சி பிராட் என்ற பாஸ்டன் மருத்துவரிடமிருந்தே தொடங்குகிறது. 1905-இல் ஏழைக் காசநோயாளிகளுக்காக அவர் நடத்திய வாராந்தர வகுப்பே இத்துறையின் ஊற்று என்று மாணவர்கள் படிக்கிறார்கள். இந்த வரலாற்றை நிலைநிறுத்தியதில் இர்வின் யாலோமுக்குப் பெரும்பங்கு உண்டு. 1970-இல் முதலில் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட அவரது குழு உளச்சிகிச்சை நூல், இன்றும் பயிற்சி பெறுவோரின் மேசையில் இருக்கிறது. உடல்நோயின் போக்கு மனநிலையைச் சார்ந்திருப்பதை உணர்ந்து, நோயை விட்டு நோயாளியைக் கவனிக்க முனைந்த பிராட், அந்த நோக்கத்தோடே வகுப்பை அமைத்தார் என்பது யாலோமின் வாசிப்பு.

வகுப்பு நடந்ததிலோ, அதில் ஒட்டுறவு உண்டானதிலோ எனக்கு ஐயமில்லை. அந்த ஒட்டுறவுக்காகவே வகுப்பு தோன்றியது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலம் ரட்லண்டில் 1898-இலேயே காசநோய் விடுதி திறந்துவிட்டது. அங்கே இடம் கிடைக்காதவர்களும், குடும்பத்தை விட்டுப் போக முடியாதவர்களும் நகரத்தின் நெருக்கடியான வீடுகளிலேயே கிடந்தார்கள். விடுதியில் தரும் ஓய்வையும் திறந்த காற்றையும் சத்துணவையும் வீட்டுக்கே கொண்டுவர முடியுமா என்பதே பிராட் எடுத்துக்கொண்ட கேள்வி. நோயாளி வேலையை விட வேண்டும். மொட்டைமாடியிலோ பால்கனியிலோ கூடாரத்திலோ இரவும் பகலும் வெளிக்காற்றில் இருக்க வேண்டும். உடல்சூடு, உணவு, ஓய்வு எல்லாவற்றையும் அன்றாடம் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். சொன்னபடி நடக்கிறார்களா என்று பார்க்க வீட்டுக்கு ஆள் வரும். வாரம் ஒருமுறை எல்லோரும் கூடும்போது நாடி பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள், குறிப்பேட்டைத் திருத்துவார்கள். கூடிய எடையைக் கரும்பலகையில் எழுதுவார்கள். உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 25-க்குள் நின்றது. ஒவ்வொருவரையும் மருத்துவர் நேராகக் கவனிக்க வேண்டுமென்றால் அதற்கு மேல் சேர்க்க முடியாது.

இது முழுக்க முழுக்கக் கண்காணிப்பின் ஏற்பாடு. குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. மருந்தே இல்லாத காலத்தில், கையில் காசில்லாதவர்களை மாதக்கணக்கில் ஒரு கடும் ஒழுங்கில் நிறுத்திவைத்தது சாதாரணக் காரியமல்ல.

யாலோம் தரப்புக்குப் பெரும் சான்றாக நிற்பது, 1907-இல் பிராட் எழுதிய ஒரு பத்தி. வகுப்பு நேரம் உறுப்பினர்களுக்கு இனிய சந்திப்பாக அமைகிறது, பல இனத்தாரும் பல சமயத்தாரும் இருந்தபோதிலும் ஒரே நோய் அவர்களைப் பிணைக்கிறது, நல்ல தோழமை வளர்ந்திருக்கிறது என்பது அதன் பொருள். குழுச் சிகிச்சையைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் பகுதி இது. அதை அடுத்து வரும் வாக்கியத்துக்கு அவ்வளவு கவனம் கிடைப்பதில்லை. அவர்கள் தங்கள் நோய்க்குறிகளைப் பற்றிப் பேசிக்கொள்வதே இல்லை, பெரும்பாலும் உற்சாகமாகவே இருக்கிறார்கள் என்கிறார் பிராட். அதைப் பெருமையாகவே சொல்கிறார்.

இந்த ஒரு வாக்கியத்தின் முன் நாம் நிற்க வேண்டும். பிற்காலக் குழு ஆலோசனையின் உயிர்நாடி, தனக்கு நேர்ந்ததைப் பிறர் முன் வாய்விட்டுச் சொல்வது. பயம், வெட்கம், கோபம் எல்லாம் அங்கே பேச்சாக வேண்டும். பிராட்டின் அறையிலோ நோயைப் பேசாமலிருப்பதே நல்ல வகுப்புக்கு அடையாளம். உடல் தேறியவர் எழுந்து தன் அனுபவத்தைச் சொன்னது உண்மைதான். ஆனால் மற்றவர்களும் விதிப்படி நடக்க வேண்டும் என்பதற்காகவே அது சொல்லப்பட்டது. தேறாதவர் எழுந்து தன் துயரத்தைச் சொன்னதாக அந்தப் பத்தி காட்டவில்லை. நம்பிக்கை ஊட்டல், 'எனக்கு மட்டுமல்ல' என்ற உணர்வு, ஒட்டுறவு எனச் சிகிச்சைக் காரணிகளைப் பட்டியலிட்டவர் யாலோம். தன் பட்டியலை அவர் அந்த அறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்திருக்கிறார். பட்டியலுக்குப் பொருந்தியது கண்ணில் பட்டது, பொருந்தாதது விடுபட்டது.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று பிராட்டிடம் இல்லை, எல்வுட் ஊஸ்டரிடம் இருக்கிறது. வகுப்புக்குப் பண உதவி தந்த இம்மானுவேல் தேவாலயத்தின் குரு அவர். லைப்சிக்கில் வுண்ட்டிடம் உளவியல் பயின்றவர். 1906 நவம்பரில் தொடங்கி, நரம்புத் தளர்ச்சியாலும் குடியாலும் அவதிப்பட்டவர்களை மருத்துவமும் சமயமும் கலந்து கவனித்த இம்மானுவேல் இயக்கத்தின் தலைவர். 1908-இல் வெளிவந்த நூலில், காசநோய் வகுப்பின் வெற்றிக்கு உடல்சார்ந்த முறைகளோடு ஒழுங்கும் நட்பும் ஊக்கமும் நம்பிக்கையும் சேர்ந்ததே காரணம் என்ற கருத்தை அவர் முன்வைக்கிறார். அப்படியானால் மனத்தின் பங்கு தொடக்கத்திலேயே தெரிந்திருந்ததே என்று கேட்கலாம்.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று புலப்படுகிறது. வகுப்பு 1905-இன் நடுவில் தொடங்கியது. இயக்கம் வந்தது ஓராண்டுக்கும் பிறகு. ஊஸ்டரின் விளக்கம் அந்த இயக்கத்தின் உச்சத்தில், அதன் தலைவரே பின்னோக்கிப் பார்த்து எழுதியது. காசநோய் வகுப்பில் தற்செயலாகக் கண்டதை அவர் நரம்புத் தளர்ச்சிக்காரர்களிடம் வேண்டுமென்றே செய்து பார்த்தார் என்று கொள்வதே எளிய விளக்கம். விளைவு முன்னே, கருத்து பின்னே. இதை மறுக்க வேண்டுமானால் 1906-க்கு முந்தைய பிராட்டின் எழுத்தில் உளநோக்கைக் காட்ட வேண்டும். 1907-இலேயே தோழமைக்கு ஒரு பத்திதான் கிடைத்திருக்கிறது. குறிப்பேட்டுக்கும் கூடாரத்துக்கும் வீட்டு விசாரிப்புக்கும் கிடைத்த இடத்தோடு அதை ஒப்பிட முடியாது.

பிராட் எப்போது மாறினார் என்பதை ஓர் ஆண்டுக்குள் அடைக்க முடியாது. பிரெஞ்சு நரம்பியலாளர் டெஜரீனின் நூல் 1913-இல் ஆங்கிலத்தில் வந்தது, அது பிராட்டை ஆழமாகப் பாதித்தது. 1922-இல் வகுப்பு முறையை மற்ற நாள்பட்ட நோய்களுக்கும் விரித்து ஒரு கட்டுரை எழுதினார். 1930-இல் பாஸ்டன் டிஸ்பென்சரியில், உடலில் கோளாறு ஏதும் காணப்படாமலே வலியால் வாடியவர்களுக்கு எண்ணக் கட்டுப்பாட்டு வகுப்பைத் தொடங்கினார். அங்கேதான் மனமே சிகிச்சையின் இலக்கு. இடைப்பட்ட காலத்தில் வாஷிங்டனில் லேசல் மனநோயாளிகளுக்குக் கூட்டாக விரிவுரை நடத்தினார், பர்ரோ குழுப் பகுப்பாய்வை முயன்றார். 1932-இல் மொரீனோ 'குழு உளச்சிகிச்சை' என்ற பெயரை முன்வைத்தார். ஊற்றுகள் பல இருந்தன.

இந்தத் தேதிச் சண்டையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சென்னையைச் சுட்டுவேன். 1956-இல் இங்கே அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு விடுதியிலும் ஒரே மருந்தைக் கொடுத்தது. நெரிசலான வீடுகளில், குறைந்த உணவோடும் ஓய்வோடும் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள் என்பது 1959-இல் வெளியானது. மருந்து வந்தபின் பிராட்டின் திறந்த காற்றும் ஓய்வும் முதன்மை இழந்தன. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும், நோயாளி முறைப்படி நடக்கிறாரா என்று சரிபார்ப்பதும் சென்னையிலும் நிலைத்தன. அவரது வகுப்பில் காலத்தைத் தாண்டியது அந்தப் பகுதி.

குழு உடல்நோயையே மாற்றும் என்ற எதிர்பார்ப்பும் பின்னாளில் சோதிக்கப்பட்டது. 1989-இல் ஸ்பீகல் குழுவினர், பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களை ஆராய்ந்து, வாராந்தரக் குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 36.6 மாதமும் மற்றவர்கள் 18.9 மாதமும் வாழ்ந்ததாக அறிவித்தனர். 2001-இல் கனடாவில் குட்வின் குழுவினர் 235 பெண்களிடம் பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. வலியும் மனவேதனையும் குறைந்தன, அதுவும் தொடக்கத்தில் அதிகம் வாடியவர்களுக்கே பெரிதும். 2007-இல் ஸ்பீகலே மீண்டும் செய்த ஆய்விலும் ஒட்டுமொத்தமாக ஆயுள் நீளவில்லை. குழுவால் நோயாளியின் வேதனை தணியும் என்பது சிறிய பலனல்ல. புற்றுநோய், காசநோய்ப் பிரிவுகளில் குழு நடத்தும் செவிலியரும் ஆலோசகரும் அதையே வாக்களிக்க வேண்டும், ஆயுளை அல்ல.

பாடநூலில் 1905-க்கு எதிரே, ஏழைக் காசநோயாளிகளுக்கான வீட்டுச் சிகிச்சையின் தொடக்கம் என்று எழுதலாம். குழு ஆலோசனைக்கு பிராட்டின் பெயரைச் சேர்ப்பதானால் 1930-க்கு எதிரே சேர்ப்பதுதான் சரி.