புவெப்லோ கருநிற மட்பாண்டங்கள்

புவெப்லோ கருநிற மட்பாண்டங்கள் என்பன ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வாழும் புவெப்லோ பழங்குடி மக்களால் கையால் வனையப்படும், பளபளப்பான கரிய மேற்பரப்பைக் கொண்ட மண்கலங்கள் ஆகும். ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள சான் இல்டிபான்சோ, சாந்தா கிளாரா ஆகிய ஊர்கள் இக்கலைக்குப் பெயர் பெற்றவை.

செய்முறை

இக்கலங்கள் சக்கரத்தில் வனையப்படுவதில்லை. எரிமலைச் சாம்பல் கலந்த களிமண்ணைத் திரிகளாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி அடுக்கிக் கலத்தை உருவாக்குவர். பின்னர் அதனைச் சுரண்டி, உலர்த்தி, தேய்த்துச் சமப்படுத்துவர். அதன்மேல் நீர்த்த களிமண் குழம்பைப் பூசி, வழவழப்பான கூழாங்கல்லால் மெருகேற்றுவர்.

கருமை நிறம் சாயத்தால் வருவதன்று. சுடும் முறையால் வருவது. சூளை நெருப்பு உச்சத்தில் இருக்கும்போது பொடியாக்கப்பட்ட சாணத்தைக் கொட்டி மூடுவர். காற்று உட்புகாததால் ஆக்சிசன் குறைகிறது. களிமண்ணிலுள்ள சிவப்பு இரும்பு ஆக்சைடு கருநிறச் சேர்மமாக மாறுகிறது. புகையிலுள்ள கரியும் மேற்பரப்பில் படிகிறது. இவ்வாறு மூடாமல் சுட்டால் அதே கலம் சிவப்பாகவே இருக்கும்.

குறைந்த வெப்பநிலையில் சுடப்படுவதால் இக்கலங்கள் நீரைக் கசியவிடும். ஈரம் பட்டால் மெருகும் கெடும். எனவே இவை பெரும்பாலும் கலைப்பொருட்களாகவே பேணப்படுகின்றன.

அலங்காரம்

சான் இல்டிபான்சோ கலங்களில், மெருகேற்றிய பரப்பின்மீது களிமண் குழம்பால் ஓவியம் தீட்டியபின் சுடுவர். தீட்டிய பகுதி மங்கலாகவும் ஏனைய பகுதி பளபளப்பாகவும் அமைவதால், கருமையின்மேல் கருமையாக ஓவியம் புலப்படும். அவான்யு எனப்படும் கொம்புடைய நீர்ப்பாம்பும் இறகு வரிசையும் புகழ்பெற்ற உருவங்கள். சாந்தா கிளாராவில் கலத்தைச் செதுக்கியும் கரடிப் பாதத் தடம் பதித்தும் அழகூட்டுவர். மார்கரெட் தபோயா (1904–2001) இவ்வூரின் புகழ்பெற்ற கலைஞர்.

வரலாறு

தொடர்வண்டிப் பாதை வழியாக உலோகப் பாத்திரங்கள் மலிவாக வந்தபின், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண்கலத் தொழில் நலிவுற்றது. தொல்லியலாளர் எட்கர் லீ ஹியூவெட், அகழாய்வில் கிடைத்த பழங்கலங்களைப் போன்றவற்றை வனையுமாறு சான் இல்டிபான்சோவின் மரியா மார்ட்டினெஸைக் (1887–1980) கேட்டுக்கொண்டார். மரியாவும் கணவர் ஜூலியனும் பலமுறை சோதித்து, 1919 அளவில் கருமேல்கரு ஓவிய முறையை உருவாக்கினர். மரியா வனைந்து மெருகேற்ற, ஜூலியன் ஓவியம் தீட்டினார். ஜூலியன் 1943இல் இறந்தபின் மருமகள் சாந்தானாவும், பின்னர் மகன் போபோவி டாவும் ஓவியப் பணியைத் தொடர்ந்தனர்.

மரியா இம்முறையைத் தம் குடும்பத்துக்குள் மறைத்து வைக்காமல் ஊராருக்கும் கற்பித்தார். இதனால் மண்கலத் தொழில் அவ்வூரின் முதன்மையான வருவாய்களுள் ஒன்றாயிற்று.