ஆற்றின்மேல் ஓர் ஆறு

தமிழில் ஆறு என்னும் சொல் ஓடும் நீரையும் குறிக்கும். மக்கள் நடக்கும் வழியையும் குறிக்கும். பத்துப்பாட்டுள் அடங்கிய ஆற்றுப்படை நூல்கள் வழிப்படுத்தும் நூல்களே என்பதை வகுப்பில் விளக்காத தமிழாசிரியர் இலர். இவ்விரு பொருளும் ஓரிடத்தில் கூடி நிற்பதைக் காண விரும்புவோர் ஈப்போவிலிருந்து வடக்கே சென்று, சிம்மோர், சுங்கை சிப்புட் ஆகிய ஊர்களைக் கடந்து, கோலகங்சாருக்கு அணித்தாகப் பேராக் ஆற்றை அடைதல் வேண்டும். பழைய சடக்கும் பழைய இருப்புப்பாதையும் அவ்விடத்திலேதான் ஆற்றைத் தாண்டின.

புறப்படும் இடம் புந்தோங்காக இருத்தல் பொருத்தமுடைத்து. ஈப்போவின் மேற்புறத்தில், சுங்கை பாரி ஆற்றையொட்டி அமைந்த புந்தோங், மலேசியாவில் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுள் ஒன்று. இங்குள்ள பள்ளி மாணவனை நோக்கி, "உன் முன்னோர் இந்நாட்டில் என்ன தொழில் செய்தனர்?" என்று வினவினால், "தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள்" என்று உடனே விடை வரும். அவ்விடை பிழையன்று; ஆயினும் நிறைவுடையதன்று. பால்மரம் பெருகுவதற்கு முன்னரே காடு திருத்திச் சடக்குப் போட்டவர்களும் தண்டவாளம் பதித்தவர்களும் தமிழரிடையே இருந்தனர். வடநாட்டுச் 'சடக்' என்னும் சொல் தமிழ் உருக்கொண்டு சடக்கு என்றாகி, இருப்புப்பாதையும் கம்பிச் சடக்கு என்று வழங்கப்பட்டமைக்குத் தோட்டப்புற வழக்கே சான்று. வேலை செய்தவன் எழுதி வைக்கவில்லை. அவன் வாயில் வழங்கிய சொல் மட்டும் தங்கிற்று.

மலாயாவின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை எட்டு மைல் நீளத்திற்கு அமைந்து 1885ஆம் ஆண்டு சூன் முதல் நாளில் திறக்கப்பட்டது. அதை அமைக்க இலங்கையிலிருந்து ஒரு தொழிலாளர் படை தருவிக்கப்பட்டது. நோக்கம் ஈயம், லாருட் பகுதியின் ஈய லம்பங்களிலிருந்து தோண்டியதைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்ப்பதே வேலை. பின்னர்க் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்துக்காகத் தெலுக் ஆன்சனிலிருந்து மற்றொரு பாதை ஈப்போவை நோக்கி வந்தது. ஆக, பேராக்கில் இரண்டு பாதைகள் இருந்தன, இரண்டும் கடலை நோக்கின, ஒன்றையொன்று நோக்கவில்லை. இடையே ஒரு மலைத்தொடரும் ஒரு பேராறும் குறுக்கிட்டன.

மலையைச் சுற்றிப் போகலாம். மாட்டு வண்டியும் நீராவி வண்டியும் செங்குத்தான ஏற்றத்தை விரும்பா; ஆதலால் பழைய சடக்கும் பழைய தண்டவாளமும் கிளேடாங் மலைத்தொடரை நேரே ஏறாது வடக்கே வளைந்து சென்றன. ஆற்றைச் சுற்றிப் போக வழியில்லை.

கராய் என்னும் இடத்தில் 1897ஆம் ஆண்டு தொடங்கி 1900ஆம் ஆண்டில் முடிவுற்ற விக்டோரியா பாலம் அத்தடையை நீக்கிற்று. (கராய் என்பது தமிழ்ச் செவிக்குக் கரை என்றே ஒலிக்கும். அதனைக் கொண்டு ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் இறங்காதிருப்பது நலம்.) ஏறத்தாழ 350 மீட்டர் நீளம், செங்கல்லால் எழுப்பிய பெருந்தூண்கள், அவற்றின்மேல் இரும்புச் சட்டங்கள், அவற்றினூடே ஒற்றைத் தண்டவாளம். வெள்ளம் வந்தால் பேராக் ஆறு எத்தகையது என்பதைக் கரைவாழ் மக்கள் அறிவர். அவ்வாற்றின் நடுவே அடித்தளம் இறக்கிச் செங்கல்லின்மேல் செங்கல்லாகக் கட்டி எழுப்பிய உழைப்பு எளிதன்று. அதனைத் திறந்து வைத்தவர் பேராக் சுல்தான் இட்ரிஸ். பெயர் இங்கிலாந்து அரசியாருடையது. பாலத்தைக் கட்டிய கைகளுக்குரிய பெயர்கள் எங்கே?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. தமிழரே இவற்றையெல்லாம் கட்டினர் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. கைதட்டல் கிடைக்கும், வரலாறு கிடைக்காது. மண்வேலையில் சீனக் குத்தகைக்காரரும் அவர்தம் ஆட்களும் பங்கு கொண்டனர். பாலம் வருமுன் ஆற்றைக் கடத்தியவர் மலாய்ப் படகோட்டிகள். நிலையங்களில் எழுத்து வேலை பார்த்தவர்களுள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். தண்டவாளத்தில் சிலிப்பர்க் கட்டை சுமந்தவர்களுள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தோர் பலர். ஒரே மொழி பேசிய இவ்விரு சாராரும் ஒரே குடியிருப்பில் வாழ்ந்தாரல்லர். இதையும் மாணவர்க்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சடக்கின் கதை வேறு. எங்கோரில் முன்னர் ஒரு மிதவைப் பாலம் இருந்தது. மிதவைப் பாலம் ஆற்றின் தயவில் நிற்பது. நீர் உயர்ந்தால் தானும் உயரும், நீர் சினந்தால் உடையும். 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின்னர் உறுதியான பாலம் ஒன்றின் தேவையை எவரும் மறுக்க இயலவில்லை. 1932இல் சுல்தான் இஸ்கந்தர் ஷா திறந்து வைத்த இஸ்கந்தர் பாலம் எஃகு வில்வளைவுகளால் ஆனது. அது நிலைபெற்றது ஒன்பதே ஆண்டுகள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் முன்னேற, பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் அதனைத் தகர்த்தனர். அத்தகர்ப்பு எதிரியை நெடுநாள் தடுக்கவில்லை. அம்மாத முடிவிற்குள் போர் ஈப்போவைத் தாண்டிக் கம்பாரை எட்டிவிட்டது. பின்னர்ச் செப்பனிடப்பட்ட பாலம் இன்றும் வண்டிகளைத் தாங்கி நிற்கிறது.

அப்போர் வேறொரு பாதையையும் தின்றது. ஈப்போவிலிருந்து லஹாட், பூசிங் வழியாகத் துரோனோவின் ஈய லம்பங்களுக்குச் சென்ற கிளைப்பாதையின் தண்டவாளங்கள் ஜப்பானியர் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டன. மலாயாவில் பெயர்த்த இரும்பு சயாம்–பர்மா மரண ரயில்பாதைக்குச் சென்றது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைந்த அப்பாதைக்கு இரும்பு மட்டுமா போயிற்று? தோட்டப்புறத் தமிழர் பல்லாயிரவர் ஏற்றிச் செல்லப்பட்டனர்; மிகப் பலர் திரும்பவில்லை. தந்தை பதித்த தண்டவாளமும் மகனும் ஒரே திசையில் போன குடும்பங்களும் அவற்றுள் இருந்திருக்கக் கூடும். துரோனோப் பாதை மீண்டும் போடப்படவில்லை.

சுங்கை சிப்புட்டைக் கடக்கும்போது ஒன்றை நினையாதிருத்தல் இயலாது. பழைய சடக்கின்மேல் அமைந்த இவ்வூரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், நாடு விடுதலை பெற்றபின் பொதுப்பணி அமைச்சராகப் பல்லாண்டு பணியாற்றினார். சடக்கு வேலைக்காரனாக வந்த இனத்தில் ஒருவர் நாட்டின் சடக்குகளுக்கே பொறுப்பேற்றார். ஏணியின் இரு முனைகளும் இந்த ஒரே சாலையில் கிடக்கின்றன.

1987ஆம் ஆண்டில் ஈப்போவுக்கும் சங்காட் ஜெரிங்குக்கும் இடையே விரைவுச்சாலை திறக்கப்பட்டது. மாட்டு வண்டி அஞ்சிய மலையை இயந்திரம் அஞ்சவில்லை; பாறையைக் குடைந்து நேரே சென்றது. நெடுந்தொலைவுப் பயணிகள் அதன்பின் சிம்மோரையும் சுங்கை சிப்புட்டையும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமற் போயிற்று. இருப்புப்பாதையும் அவ்வாறே மாறியது. 2002இல் விக்டோரியா பாலத்தின் அருகே எழுந்த புதிய பாலத்திற்கு ரயில் இடம் மாறியது. ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே 2014இல் நிறைவுற்ற மின்சார இரட்டைப் பாதைக்காகப் பெராப்பிட் மலையில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குகைப்பாதை அமைக்கப்பட்டது. அங்கிருந்த பழைய பாதை கைவிடப்பட்டது.

கைவிடப்பட்டவை என்று இரங்குவது இயல்பு. ஆனால் வரலாறு பயில்வோர்க்கு அவற்றால் ஒரு நன்மை உண்டு. பயன்பாட்டில் உள்ள சாலை தன் பழமையைத் தானே அழித்துக்கொள்ளும். ஆண்டுதோறும் புதிய தார் விழும், வளைவு நிமிரும், பழைய மதகு உடைபட்டுக் குழாய் புகும், மைல்கல் கிலோமீட்டர்க் கல்லாகும். கைவிடப்பட்ட பாதையைத் திருத்துவார் இல்லை. ஆதலின் அது வைத்தது வைத்தபடி கிடக்கும். புல் மூடிய நிலத்தில் இயற்கைக்கு மாறாக நேராக ஓடும் ஒரு மேடு. ஒழுங்கான இடைவெளியில் முதிர்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள். வராத வண்டியை எதிர்நோக்கி வாயில் திருப்பிய ஒரு வீட்டு வரிசை. காட்டோரம் தனித்து நிற்கும் முனியாண்டி கோயில். சாமி எத்திசை நோக்கி அமர்ந்திருக்கிறது என்று பார்த்தால், தண்டவாளம் எத்திசையில் கிடந்திருக்கும் என்றும் சில வேளை ஊகிக்கலாம். தொழிலாளர் குடியிருப்பு இருந்த இடத்தைக் காட்டக் கோயிலைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. லயங்கள் மரத்தாலானவை, அழிந்தன. சூலம் இரும்பு.

மாணவர்களைப் பாலம் காண அழைத்துச் செல்லும் பள்ளிகள் சுல்தானின் பெயரையும் ஆண்டையும் குறிப்பேட்டில் எழுதச் செய்து திரும்புவதே வழக்கம். செங்கல்லை எண்ணச் சொல்லலாம். ஒரு தூணின் ஒரு வரிசையை மட்டும் எண்ணி, தூணின் உயரத்தால் பெருக்கச் சொன்னால், கணக்குப் பாடமும் ஆகும். எத்தனை கைகள், எத்தனை நாள் என்னும் வினா தானே எழும். பிறகு வீட்டிலுள்ள முதியவரிடம், சடக்கு வேலைக்குப் போனவர் குடும்பத்தில் எவரேனும் உண்டா என்று கேட்கச் சொல்லலாம். அம்முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்; பாலம் காத்திருக்கும், அவர்கள் காத்திரார்.

போர்ட் வெல்ட் இன்று கோலா செபெத்தாங் என வழங்குகிறது. நாட்டின் முதல் தண்டவாளம் அங்கிருந்து என்றோ அகற்றப்பட்டது. ரயில் இல்லை, மேடை இல்லை. சீன உணவுக் கடைகளுக்கு நடுவே நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் எஞ்சி நிற்கிறது. அதில் ஊர்ப்பெயர் ஆங்கிலத்திலும் ஜாவியிலும் சீனத்திலும் எழுதப்பட்டிருக்கிறது, தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது.