பகைவன் தந்த நற்சாட்சி

கிறிஸ்தவர்களின் ஈகைக்கு நான் படித்தவற்றுள் சிறந்த நற்சாட்சி, அவர்களைக் கண்டாலே ஆகாத ஒருவனுடையது. ரோமச் சக்கரவர்த்தி ஜூலியன் கிறிஸ்தவனாக வளர்ந்து, பழைய தேவர்களிடம் திரும்பிப் போனவன். 362-ஆம் ஆண்டில் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதியதாக அவன் பெயரால் ஒரு கடிதம் வழங்குகிறது. அதில் கோபத்தைவிடப் பொறாமையே அதிகம். அந்தக் கூட்டத்தார் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் காப்பாற்றுகிறார்கள். நமக்கு வெட்கமாக இல்லையா என்று குமுறுகிறான். ஊர்தோறும் சத்திரம் கட்டச் சொல்லி, ஆண்டுக்கு முப்பதினாயிரம் ரோம மரக்கால் கோதுமையும் ஒதுக்குகிறான். அதில் ஐந்தில் ஒரு பங்கு பூசாரிகளுக்குப் பணி செய்யும் ஏழைகளுக்கு. மீதி அயலூராருக்கும் பிச்சைக்காரருக்கும். மறு ஆண்டே பாரசீகப் போரில் அவன் மாண்டான்.

ஜூலியன் ஆதென்ஸில் படித்த காலத்தை ஒட்டி அங்கே படித்த இன்னொருவர் பசிலியார். கப்பதோக்கியாவில், செசரியா நகரத்துச் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. அந்நியனை ஏற்றவன் என்னையே ஏற்றான் என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறாரே, அதை எழுத்துக்கு எழுத்து நம்பியவர். 369-ஐ ஒட்டி வந்த பஞ்சத்தில், விலை ஏறட்டும் என்று களஞ்சியங்களைப் பூட்டி வைத்திருந்தவர்களைக் கோயிலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டார். பூட்டுகள் திறந்தன. பெரிய அண்டாக்களில் பருப்புக் கஞ்சி காய்ச்சி, தாமே நின்று ஊற்றினார்.

கிரேக்க மொழியில் அந்நியனுக்கும் விருந்தாளிக்கும் ஒரே சொல். நம் 'விருந்து'க்கும் பழைய பொருள் புதுமைதானே!

370-இல் ஆயரானதும் ஊருக்கு வெளியே வழிப்போக்கருக்கும் நோயாளிகளுக்கும் கட்டடங்கள் எழுப்பினார். யாரோ ஆளுநரிடம் கோள் மூட்டினார்கள். பசிலியார் எழுதிய பதில் இன்றும் இருக்கிறது. இதனால் அரசுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுவிட்டு, அங்கே உள்ளவற்றைச் சொல்கிறார்: தங்க இடம், பணிவிடைக்கு ஆட்கள், வைத்தியர்கள், சுமை தூக்க மிருகங்கள், வழித்துணைக்கு மனிதர்கள்.

எனக்கு அந்த மிருகங்கள்மேல்தான் கண். சோறு போடுகிறவன் இன்றைய பசியை நினைக்கிறான். வாசலில் கோவேறு கழுதையைக் கட்டி வைத்திருப்பவனோ, வந்தவன் நாளைக்கு எங்கே போகவேண்டும் என்றும் யோசித்திருக்கிறான். ஜூலியனின் கணக்கில் கோதுமை உண்டு, கழுதை இல்லை.

379-இல் பசிலியாருக்குப் பிறகும் அந்த இடம் நின்றது. ஊரைவிட்டுச் சற்று நடந்து போய் அந்தப் புது நகரத்தைப் பாருங்கள் என்று நண்பர் கிரகோரியார் தம் இரங்கலுரையில் சொல்கிறார். அங்கே தொழுநோயாளிகளைப் பசிலியார் முத்தமிட்டு வரவேற்றாராம்.