வட்டையிலும் கரையிலும் வழங்கும் தமிழ்

அறுகம்பே முதல் வடக்கே மட்டக்களப்பு வாவி ஈறாகக் கிடக்கும் கரையோரத்தார் பேசுந் தமிழைக் கொச்சை என இகழ்தல் கற்றோர் பலரிடத்துங் காணப்படும் வழக்கமாகும். அவ்விகழ்ச்சியில் யானும் பங்குடையேன். மாணாக்கர் கட்டுரைகளில் வரும் ‘மறுகா’ என்பதைச் சிவப்பு மையால் வெட்டிப் ‘பிறகு’ எனத் திருத்திய நாள்கள் பல.

செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், பேச்சுத் தமிழ் வகைகள் அனைத்தினும் எழுத்து வழக்கை மிக அணுகி நிற்பது மட்டக்களப்புத் தமிழே என்றார். பழமை பேணும் அத்தமிழ் புதியன சிலவற்றைப் படைத்துக்கொண்டமையையும் அவர் சுட்டாது விட்டாரல்லர். அம்பாறை 1961இல் தனி மாவட்டமாகும்வரை இக்கரை மட்டக்களப்பினுள் அடங்கியிருந்தமையின், அக்கூற்றில் நமக்கும் உரிமையுண்டு.

‘மறுகா’ என்பது ‘மறுகால்’ என்பதன் திரிபாதல் கூடும். திரும்புதலைக் ‘கிறுகுதல்’ என்பர். சிறிதளவை ‘ஒள்ளுப்பம்’ என்பர். மகனை ‘மனே’ என்றழைக்கும் தாயின் குரல் காரைதீவிலுங் கேட்கும், சாய்ந்தமருதிலுங் கேட்கும். முஸ்லிம் வீடுகளில் உம்மா, வாப்பா, ராத்தா, காக்கா எனும் முறைப்பெயர்கள் வேறாயினும், மாமி, மச்சான் என்பன இரு சாராருக்கும் பொது. தாய்வழிக் குடி எண்ணும் மரபும் பொது. நோன்பு, தொழுகை, பள்ளி, பெருநாள் என மார்க்கத்தின் தலையாய சொற்களையே தமிழாக வைத்திருப்போரின் மொழியை ‘அரபுக் கலப்பு’ என்று தள்ளுவது எங்ஙனம் பொருந்தும்? (தமிழகத்து முஸ்லிம்களும் இவ்வாறே வழங்குவர்.)

வயலே இம்மொழியின் பெருங்களஞ்சியம். வட்டை, போடியார், முல்லைக்காரன், வட்டவிதானை, முன்மாரி, பின்மாரி என்பன எவ்வூருக்குந் தனியுரிமையல்ல. களவெட்டியில் நாட்சொற்களை விலக்கி, நெல்லைப் ‘பொலி’ என்றே கூறுதல் மரபு. களத்துக்கெனவே குழூஉக்குறிகள் தனியே இருந்தன. வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இம்மண்ணின் வழக்காறுகளைப் பதிந்து வைத்த அரிய நூல். அறுவடை இயந்திரம் வந்தபின் களவெட்டி ஒழிந்தது. களம் ஒழியக் களத்துமொழி எங்கே நிற்கும்? 1985, 1990ஆம் ஆண்டுகளின் கலவரங்களோ, ஒரே வட்டையில் நின்றோரை வெவ்வேறு சந்தைக்கு அனுப்பின.

இப்பொழுது யான் ‘மறுகா’வை வெட்டுவதில்லை. வீட்டிலுள்ள முதியோரிடம் இத்தகைய சொற்களைக் கேட்டெழுதி வருமாறு ஓரத்திற் குறிப்பிடுகிறேன். சென்ற தவணையில் மாணாக்கன் ஒருவன் தன் மூத்தம்மாவிடம் நாற்பது சொற்கள் பெற்றுவந்தான். அவற்றுட் பதினொன்று யான் கேட்டறியாதவை.